தலைக்கு இவ்வளவு கதிர்வீச்சு

சிரிப்பது என் தொழில். பதினான்கு வருடமாக விமானத்தில் பணிப்பெண்ணாக இருக்கிறேன். தன் காபியைத் தானே மடியில் கொட்டிக்கொண்டு என்னைத் திட்டிய மனிதரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். காலணியைக் கழற்றி என் முகத்துக்கு நேராகக் காலை நீட்டியவரைப் பார்த்தும் சிரித்திருக்கிறேன். ஆகவே இதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் தெரிகிறதே, சந்தோஷமாக இருக்கிறாள் போலிருக்கிறது என்று மட்டும் தயவுசெய்து யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

கதவு சாத்துவதற்கு முன் தலை எண்ணுவதும் என் வேலை. கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு எண் கூடுகிற சின்ன கிளிக்கர் ஒன்று எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். அந்தச் செவ்வாய்க்கிழமை பட்டியலில் இருந்தது, எங்களையும் சேர்த்து, முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். எண்ணியதில் வந்தது முன்னூற்றைந்து. இரண்டு முறை எண்ணினேன். முன் வகுப்பில் ஏழு இருக்கைகள் காலி. ஏழு பேரும் ஒரே அலுவலகமாம், காலையில்தான் பயணத்தைத் தள்ளிப்போட்டார்களாம். அவர்களுடைய சாப்பாடு ஏற்கெனவே ஏறிவிட்டதால் எங்களுக்குக் கொண்டாட்டம். அதில் ஒரு தட்டு மட்டும் தனியாகச் சொல்லிச் செய்த உப்பில்லாச் சாப்பாடு. யாரும் தொடவில்லை. கடைசியில் அது என் தலையில்தான் விழுந்தது.

பூமியின் வட உச்சியைத் தாண்டிப் போகிற பதின்மூன்று மணி நேரப் பயணம் அது. ஆறாவது மணியில் கேப்டன் வெளியே வந்தார். முகம் சரியில்லை.

"ஒரு மணி நேரமா ரேடியோல வெறும் இரைச்சல். நமக்கு முன்னாடி போன வேற கம்பெனி விமானம் கீழ இறங்கித் தெற்க திரும்பிடுச்சு. நானும் திரும்பலாமான்னு சேட்டிலைட் போன்ல தரைக் கட்டுப்பாட்டைக் கேட்டேன். எச்சரிக்கை எதுவும் இல்ல, அப்படியே போங்கன்னுட்டாங்க."

அப்படியே போனோம். இறங்கியதும் விமான நிலைய டிவியில் வானம் பச்சையும் சிவப்புமாகத் தெரிந்தது. சூரியனில் பெரிய வெடிப்பு, பல வருடங்களில் காணாத அழகு என்று செய்தி வாசிப்பவர் குழைந்துகொண்டிருந்தார். ஊரே மொட்டை மாடிக்குப் போய் அந்த அழகைப் படமெடுத்ததாம். சூரியன் வெடித்தால் வட உச்சிக்கு மேலே பறப்பவர்கள்மேல்தான் கதிர்வீச்சு அதிகம் பொழியும். நாங்கள் அதற்குள்ளேயே ஏழு மணி நேரம் காபி ஊற்றிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது.

பதினோரு வாரம். ஆறு வருடம் காத்திருந்து, இரண்டு முறை இழந்து, மூன்றாவதாக வந்திருக்கும் உயிர். எங்கள் கம்பெனி விதி இதுதான்: வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் பிரசவம் வரை ஒரு மில்லி சீவர்ட் கதிர்வீச்சுதான் எல்லை. அதைத் தாண்டிவிட்டால் தரையில் வேலை. தாண்டாதவரை பறந்தே ஆகவேண்டும். அந்த அளவைக்கு அர்த்தம் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். ஒன்று என்பது எல்லை, அது மட்டும் எனக்குப் புரியும்.

டாக்டரம்மா முழுவதையும் கேட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு எவ்வளவு வாங்கியிருக்கீங்க?"

"தெரியலையே டாக்டர்."

"எனக்கு நம்பர் வேணும்மா. நம்பர் இல்லாம நான் பயப்படாதீங்கன்னும் சொல்ல முடியாது, பயப்படுங்கன்னும் சொல்ல முடியாது. அது கிடைக்கிற வரைக்கும் விமானத்துல ஏறாதீங்க."

பணிப்பட்டியல் போடும் அதிகாரியிடம் போனேன். "தாராளமா தரையில வேலை தர்றோம்மா. எல்லை தாண்டிடுச்சுன்னு கதிர்வீச்சு வாரியத்துல இருந்து ஒரு கடிதம் மட்டும் வாங்கிட்டு வாங்க," என்றார். எனக்கு மிச்சமிருந்தது ஐந்து வார விடுப்பு. ஆறாவது வாரம் வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு, அதே வழியில் அதே விமானம். கடிதம் இருந்தால் நான் தரையில். இல்லையென்றால் நானும் குழந்தையும் மறுபடி மேலே.

விண்வெளி வானிலைக் கதிர்வீச்சு மதிப்பீட்டு வாரியம் மூன்று மாடிக் கட்டடம். நுழைந்ததும் டோக்கன் இயந்திரம். சுவரில் ஆளுயரத்துக்குச் சூரியனின் படம், அதற்குக் கீழே "நாங்கள் கவனித்துக்கொண்டிருக்கிறோம்" என்ற வாசகம். கூடத்தில் அறுபது நாற்காலிகள் இருந்தன. உட்கார்ந்திருந்தது நான் ஒருத்திதான். என் டோக்கன் எண் நாற்பத்தேழு. முந்தைய நாற்பத்தாறையும் இல்லாத ஆட்களுக்காக ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு முடித்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அன்னைக்குச் சூரியப் புயலே இல்லையேம்மா," என்றார் கவுண்ட்டர்காரர், திரையைப் பார்த்தபடி.

"டிவில எல்லாம் காட்டினாங்களே சார்."

"டிவி காட்டினா புயலாயிடுமா? சூரியன்ல என்ன நடந்தாலும், அது புயலா இல்லையான்னு குழு கூடி முடிவு பண்ணணும். குழு மாசத்துல முதல் புதன்கிழமைதான் கூடும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் அது வெயில்," என்றார் அவர், என்மேல் இரக்கப்பட்டு.

ஒன்பது பக்கப் படிவம் ஒன்றைத் தந்தார். நான்காம் கேள்வி: சம்பவத்தின்போது தாங்கள் விமானத்துக்கு உள்ளே இருந்தீர்களா, வெளியே இருந்தீர்களா? பதினொன்றாம் கேள்வி: கதிர்வீச்சைத் தாங்கள் நேரில் பார்த்தீர்களா, ஆம் எனில் அதன் நிறம் என்ன? பத்தொன்பதாம் கேள்வி: கதிர்வீச்சுக்குத் தாங்கள் அப்போதே எழுத்துமூலம் ஆட்சேபம் தெரிவித்தீர்களா, இல்லை எனில் ஏன்? உள்ளே, இல்லை, இல்லை என்று எழுதினேன். 'ஏன்' என்பதற்கு எதிரே இருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். காபி ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். அதை அவர் ஏற்றுக்கொண்டு முத்திரை குத்தினார்.

முதல் புதன்கிழமை குழு கூடியது. அது புயல்தான் என்று நான்கு மணி நேரம் பேசி முடிவு செய்தார்கள். சூரியனுக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டார்களா என்று தெரியாது, போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. அதற்குள் என் விடுப்பில் இரண்டு வாரம் கரைந்துவிட்டது.

மறுநாள் என்னை மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். விமானத்துக்குள் எவ்வளவு கதிர்வீச்சு போகும் என்று கணக்குப் போடும் 'கணினி மாதிரி', அதாவது கம்ப்யூட்டர் மாடல், அங்கேதான் இருந்தது. அதற்கு அதிகாரபூர்வமாகப் பதினேழு சொற்களில் ஒரு பெயர் உண்டு. ஆனால் வாரியத்தில் எல்லாரும் அதை 'ஐயா' என்றுதான் சொல்கிறார்கள். ஐயா குளிர்சாதனக் கண்ணாடி அறையில் இருந்தார். உள்ளே போக வேண்டுமானால் செருப்பைக் கழற்றி நீல உறை மாட்டிக்கொள்ள வேண்டும். மாதிரி அதிகாரி குரலைத் தாழ்த்திப் பேசினார். ஐயாவுக்குக் கேட்டுவிடும் என்று பயம் போலிருக்கிறது.

"ஐயா ரொம்பத் துல்லியம்மா. எந்த உயரம், எந்தப் பாதை, எத்தனை மணி நேரம், எல்லாத்தையும் பாத்து விமானத்துக்குள்ள வந்த கதிர்வீச்சு இவ்வளவுன்னு சொல்லிடுவார். அதை நாங்க பயணப் பட்டியல்ல இருக்கற தலை எண்ணிக்கையால வகுத்துடுவோம்."

"வகுக்கிறதா? எதுக்கு சார்?"

"ஒரு விமானத்துக்குள்ள வந்தது அத்தனை பேருக்கும் பொதுதானே? முன்னூறு பேர் இருந்தா முன்னூறு பங்கு. உங்க ஒருத்தருக்கே அத்தனையும் வேணும்னு கேட்டா எப்படி?" அவர் சிரித்தார். "அதனாலதான் விமானத்தைக் காலியா ஓட்டாதீங்க, நிரப்பி ஓட்டுங்கன்னு கம்பெனிகளுக்குச் சிபாரிசு பண்றோம். நிறைஞ்ச விமானம், பாதுகாப்பான விமானம். போன வருஷம் இந்த ஆய்வுக்கு விருதே கிடைச்சுது."

நான் பள்ளிக்கூடத்தோடு கணக்கை விட்டவள்தான். ஆனாலும் மழையில் நனைந்திருக்கிறேன்.

"சார், மழையில முன்னூறு பேர் நின்னா, ஆளுக்கு முன்னூத்துல ஒரு பங்குதான் நனைவாங்களா?"

அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"மழை எங்க துறை இல்லம்மா."

"சரி, வகுக்கிறதுக்கு முன்னாடி ஐயா சொன்ன நம்பரை மட்டும் சொல்லுங்களேன். என் டாக்டர் கேக்கறாங்க."

"ஐயோ, அதை வெளிய சொல்லக்கூடாது. மக்கள் பீதியாயிடுவாங்க. வகுத்ததுக்கு அப்புறம் வர்ற நிறத்தைத்தான் சொல்வோம். உங்க விமானம் பச்சை, எல்லைக்குள்ளதான். சந்தோஷமா போய்ட்டு வாங்க."

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் வாயில் வைத்த சோற்றை மெல்ல மறந்துவிட்டார். அவர் லிப்ட் மெக்கானிக். "ஏம்மா, எட்டு பேர் ஏறுற லிப்ட்ல பதினாறு பேர் ஏறினா, ஆளுக்குப் பாதி எடைன்னு நான் எழுதிக் கொடுத்தா என்னை உள்ள தள்ளிட மாட்டாங்களா?" என்று கேட்டார். உங்களைத் தள்ளுவார்கள், அவர்களுக்கு விருது கொடுப்பார்கள் என்றேன்.

நான் மேல்முறையீடு செய்தேன். ஒன்றல்ல, நான்கு மனு. என் தொல்லை பொறுக்காமல் நான்காம் வாரம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீள மேசையின் அந்தப் பக்கம் தலைவரும் ஆறு உறுப்பினர்களும். இந்தப் பக்கம் நானும் ஒரு தண்ணீர் பாட்டிலும். பிஸ்கட் தட்டு வந்தது. தலைவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துப் பார்த்து, "உப்பு போட்டிருக்காங்களே, எனக்கு ஆகாதுன்னு தெரியாதா?" என்று உதவியாளரிடம் சிடுசிடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க எங்க கணினி மாதிரி மேல சந்தேகப்படறதா எழுதியிருக்கீங்க. மனசு வேதனைப்பட்டுது. ஐயா எவ்வளவு நம்பகமானவர்னு ஒரே ஒரு உதாரணம் சொல்றேன் கேளுங்க. அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்க ஏழு பேரும் ஒரு சர்வதேச மாநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பயணிகள் பாதுகாப்பு பத்தின மாநாடு. காலைல ஆறு மணிக்கே ஐயா சொல்லிட்டார், இன்னைக்கு அந்த வழி சரியில்லைன்னு. உடனே ஏழு பேரும் டிக்கெட்டைத் தள்ளி வெச்சோம். அவ்வளவு துல்லியம்!"

மற்ற ஆறு பேரும் பெருமையோடு தலையாட்டினார்கள். அந்த உப்பில்லாத தட்டு கண்முன் வந்தது.

"அப்போ காலைல ஆறு மணிக்கே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"எங்க கேப்டன் கேட்டப்போ எச்சரிக்கை எதுவும் இல்லன்னு சொன்னாங்களே."

"அது உள்சுற்றுத் தகவல்மா. உறுப்பினர்களுக்கு மட்டும். குழு கூடறதுக்கு முன்னாடி வெளிய சொன்னா பீதி. பொறுப்புள்ள ஒரு அமைப்பு அப்படிச் செய்யலாமா?" அவர் மேசையை மெல்லத் தட்டினார். "நாங்க ஏழு பேரும் அந்தப் பீதியை எங்களுக்குள்ளயே வெச்சு அனுபவிச்சோம். உங்க யாருக்கும் தரல."

பதினான்கு வருடப் பழக்கம், முகம் சிரித்தபடியே இருந்தது. கிளிக்கரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"சார், பட்டியல்ல முன்னூத்திப் பன்னண்டு. அதை வெச்சுதான் வகுத்திருக்கீங்க. நான் எண்ணினேன், உள்ள இருந்தது முன்னூத்தஞ்சு பேர். நீங்க ஏழு பேர் வரல. உங்க ஏழு பங்கும் எங்க தலையிலதான் விழுந்திருக்கு. உங்க கணக்குப்படியே மறுபடி வகுத்துப் பாருங்க."

சத்தியமாக, நான் குத்தலாகத்தான் சொன்னேன். அவர்கள் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள். மாதிரி அதிகாரி நீல உறையோடு ஓடினார். திரும்பி வந்தபோது வியர்த்திருந்தது.

"சார், முன்னூத்தஞ்சால வகுத்தா மஞ்சளாயிடுது."

மஞ்சள் என்றால் கடிதம் கொடுக்க வேண்டும். எனக்கு மட்டுமல்ல, அத்தனை பேருக்கும். வாரியத்தின் வரலாற்றிலேயே இதுவரை ஒரு விமானம்கூட மஞ்சளானதில்லையாம்.

தலைவர்தான் முதலில் சுதாரித்தார். "நாங்க டிக்கெட் வாங்கியிருந்தோம். போகணும்னு மனசார நினைச்சோம். ஆகவே மனசளவுல நாங்களும் அந்த விமானத்துல இருந்ததாத் தீர்மானம் போடலாம். மறுபடியும் முன்னூத்திப் பன்னண்டு. பச்சை."

ஆறு கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது.

"ரொம்ப நல்லது சார்," என்றேன். "அப்போ எங்க எல்லாரையும் மாதிரி நீங்களும் ஒரு படிவம் நிரப்பணும். 'இந்தக் கதிர்வீச்சு என் உடம்பில் பட்டது' அப்படின்னு கையெழுத்துப் போட்டு மருத்துவக் கோப்புல வெப்பாங்க. காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஒரு பிரதி போகும்."

யாரும் பேனாவை எடுக்கவில்லை. ஒருவர் தன் மூட்டு வலியைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். இன்னொருவர், "படாததைப் பட்டுதுன்னு எப்படிம்மா பொய் சொல்றது?" என்று நியாயம் கேட்டார். போட்ட தீர்மானத்தை அடித்தார்கள். பதினைந்து நிமிடம் அந்த விமானத்தில் இருந்துவிட்டு ஏழு பேரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்போதுதான் மாதிரி அதிகாரி என் வயிற்றைப் பார்த்தார்.

"சார், இவங்க கர்ப்பம். அந்தத் தலையை எண்ணலையே."

தலைவரின் முகம் மலர்ந்தது. "பச்சை ஆகறதுக்கு இன்னும் எத்தனை தலை வேணும்?"

"மூணு போதும் சார். இதோ ஒண்ணு இருக்கு. இன்னும் ரெண்டு."

"முன்னூறு பேர்ல ரெண்டு பேராவது கர்ப்பமா இருந்திருக்க மாட்டாங்களா? கடிதம் எழுதிக் கேளுங்க!"

என் குழந்தையை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டு நான் அந்த அறைக்குப் போனேன். அதை வகுக்கும் எண்ணாகச் சேர்த்துக்கொண்டு என்னை அனுப்பி வைத்தார்கள்.

கடிதம் போனது. பட்டியலில் ஆண் பெண் பிரிக்கும் வசதி இல்லாததால் அத்தனை பேருக்குமே போனது. எனக்கும் ஒன்று வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

"ஐயா / அம்மையீர், தாங்கள் பயணம் செய்த விமானம் கதிர்வீச்சுப் புயலின் ஊடாகச் சென்றதால், தலைக்கான பங்கினைச் செம்மைப்படுத்தும் பொருட்டு, அன்றைய தினம் தாங்கள் கருவுற்றிருந்தீர்களா என்பதை ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். கருவுறாதவர்கள் இக்கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சந்தேகங்களுக்கு அலுவலக நேரத்தில் நேரில் அணுகவும்."

எழுபத்தோரு வயது ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர், தனக்குத் தெரிந்தவரை அப்படி எதுவும் இல்லை என்று பதில் எழுதியிருந்தார். அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். ஆம் என்று எழுதியவர்கள் இரண்டு பேர். ஒருவர் வங்கியில் காசாளர், ஐந்து மாதம். இன்னொருவர் தையல் கடை வைத்திருக்கும் பெண். அவர் இரண்டே வரி எழுதியிருந்தார்: "அன்று இருந்தேன். இப்போது இல்லை."

அதற்கும் புயலுக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது. இல்லாமலும் இருக்கலாம். யாராவது தெரிந்து சொல்ல வேண்டுமென்றால் அந்த எண் வேண்டும். அந்த எண்ணைத்தான் கண்ணாடி அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.

என் இறுதிக் கடிதத்தைக் கவுண்ட்டர்காரர் நீட்டியபோது, அதோடு இணைத்திருந்த பதில்களில் அந்த இரண்டு வரிகளை அவரிடம் காட்டினேன்.

"இந்தக் குழந்தையுமா சார் கணக்குல?"

அவர் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னார். "அன்னைக்கு இருந்துச்சே மேடம். அன்னைக்கு இருந்தா போதும்."

நான் அழவில்லை. எனக்கும் இரண்டு முறை அப்படி எழுதத் தகுதி வந்திருக்கிறது. அந்த வரியை எழுத அந்தப் பெண் எத்தனை முறை பேனாவை எடுத்து எடுத்து வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். எழுதியதை ஒருவன் வாசித்து, அப்பாடா, பச்சை என்று மூச்சு விட்டிருக்கிறான். அவனை நினைத்தபோது, கவுண்ட்டர் கண்ணாடியை உடைக்க ஏதாவது கிடைக்குமா என்று நிஜமாகவே சுற்றிப் பார்த்தேன். நாற்காலிகளை எல்லாம் தரையோடு சேர்த்து முடுக்கி வைத்திருந்தார்கள். அந்த அளவுக்குத் தங்களைப் பற்றி அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

கடிதத்தில் பச்சை முத்திரை. அடியில் சிறிய எழுத்தில்: தலைக்கு 0.004, மொத்தத் தலைகள் 308. பின்னால் இணைப்பாக முன்னூற்றைந்து பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண். எண்ணிக்கைக்கு ஆதாரம் வேண்டுமாம். எதை மறைக்க வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்பதில்கூட அவர்களுக்குத் தெளிவில்லை.

டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் பெருக்கினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"ஒண்ணு புள்ளி ரெண்டு மூணு," என்றார். "இது உங்களுக்குக் கிடைச்சது. முழுசா. உங்க பக்கத்துல நின்னவங்களுக்கும் இதே அளவு, முழுசா. இதுல பங்கு போட ஒண்ணுமே கிடையாதும்மா."

"குழந்தைக்கு?"

"ஒரே நாள்ல எல்லை தாண்டியாச்சு. அதுக்காகக் கெடுதல் நடந்தே தீரும்னு அர்த்தம் இல்ல, தைரியமா இருங்க. ஆனா இனிமே ஒரு மணி நேரம்கூட மேல போகக்கூடாது."

சீட்டை எடுத்துக்கொண்டு பணிப்பட்டியல் அதிகாரியிடம் போனேன். அவர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"டாக்டர் பெருக்கினது செல்லாதும்மா. வாரியம் வகுத்ததுதான் செல்லும். வியாழக்கிழமை வரலைன்னா வேலை போயிடும், சொல்லிட்டேன்."

அன்று சாயந்தரம் வீட்டுக்காரர் அந்த இணைப்புப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டார். "மேல இருந்து நான் ஆரம்பிக்கறேன், கீழ இருந்து நீ ஆரம்பி," என்றார். நான் முதலில் பேசியது தையல்காரப் பெண்ணிடம். நான் சொல்லி முடித்ததும், "நடுப் பக்கத்தை எனக்குக் குடுங்கக்கா," என்றாள். நான்கு நாட்கள் விடாமல் பேசினோம். யாருக்கும் எதையும் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. எல்லார் கையிலும் வாரியத்தின் கடிதம் இருந்தது. புயலுக்குள் போய்வந்தோம் என்ற செய்தியை அத்தனை பேருக்கும் வாரியமே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தது. நேரில் அணுகவும் என்றும் அதுவே சொல்லியிருந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நான் சீருடையில் இருந்தேன். விமானத்தில் அல்ல. வாரியத்தின் கூடத்து வாசலில், கிளிக்கரோடு. வேலை போனது அந்த நிமிடம்தான். டோக்கன் இயந்திரத்தில் காகிதம் தீர்ந்து அது ஓலமிட்டுக்கொண்டிருந்தது. ஓவிய ஆசிரியர் வந்தார். காசாளர் வயிற்றைப் பிடித்தபடி வந்தார். எங்கள் கேப்டன் விடுப்பு போட்டுவிட்டு வந்தார். வெளியூர்க்காரர்கள் பஸ் பிடித்து வந்தார்கள். நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியாகத் தையல்காரப் பெண் வந்து என் முன்னால் நின்றாள்.

"என்னை ரெண்டுன்னு எண்ணுங்கக்கா," என்றாள். "இவங்க எண்ணினாங்க இல்ல?"

இரண்டு முறை அமுக்கினேன். நூற்று அறுபத்தொன்று.

சத்தம் கேட்டுத் தலைவர் படியில் இறங்கி வந்தார். பின்னால் அந்த ஆறு பேர். பாதிப் படியிலேயே நின்றுவிட்டார். "என்னம்மா இது? இத்தனை பேர் ஒரே நேரத்துல வந்தா எப்படி? பீதியைக் கிளப்பறீங்களா?" என்று கேட்டார்.

பதினான்கு வருடத்தில் முதல் முறையாக, சீருடை போட்டுக்கொண்டு நான் சிரிக்காமல் நின்றேன். கிளிக்கரை உயர்த்தி எண்ணைக் காட்டினேன்.

"பீதி இல்ல சார், கோபம். நூத்தி அறுபத்தோரு பேரோடது. நீங்க ஏழு பேர். வகுத்தாச்சு, தலைக்கு இருபத்து மூணு. இந்தத் தடவை மனசளவுல வந்தா போதாது. கீழ இறங்கி வந்து வாங்கிக்கோங்க."